அம்மா வீட்டுக்கு வர மறுத்த மத்தியானம்

எங்க அம்மாவைப் பத்திப் பெருமையடிக்கத்தான் இதை எழுதுறேன், யாரையும் பயமுறுத்த இல்ல. நான் இயற்பியல் படிச்சவன், ஹாஸ்டல்ல எவனாவது பேய்க்கதை ஆரம்பிச்சாலே போர்வைக்குள்ள சிரிக்கிற ஆளு. நீங்க நம்பாட்டியும் கோவிச்சுக்க மாட்டேன், ஏன்னா பாத்த நானே இன்னும் பாதிதான் நம்புறேன்.

அம்மாவுக்கு எம். புதுப்பட்டியில ஒரு பட்டாசு கம்பெனியில புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துற வேலை. அங்க யாருக்கு நெஞ்சடைச்சாலும் மருந்துத் தூசி ஏறிருச்சுன்னு ஒரு துண்டு வெல்லத்தை வாயில போட்டுத் தண்ணியைக் குடிச்சுட்டு மறுபடி வேலையில உக்காந்துருவாக. போன தீபாவளி சீசன்ல அம்மாவும் அதைத்தான் செஞ்சிருக்கா. வெல்லத்துக்குக் கேக்காம இடது கையும் மரத்துப் போகவும்தான் எனக்குப் போன் பண்ணினா. நான் ஓடிப்போய் சிவகாசியில ஒரு ஆஸ்பத்திரியோட அவசரப் பிரிவுல சேத்தேன். பட்டப்பகல், நல்ல வெயில்.

ஈசிஜி எடுத்துட்டு நல்லாத்தான் இருக்குன்னாக. அவ கையில ஒட்டியிருந்த அலுமினியப் பொடியைப் பாத்த டாக்டரும் தூசிதான், கேஸ் ட்ரபிள்தான்னு ஒரு ஊசியைப் போட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாரு. சின்ன வயசு டாக்டர், வெளிய அம்புட்டுக் கூட்டம். எனக்கும் நிம்மதியா இருந்துச்சு, ஆட்டோ பிடிக்கப் போயிட்டேன்.

திரும்பி வந்தா அம்மா கட்டில் பக்கத்துல பச்சைச் சேலை கட்டின ஒரு அக்கா நிக்குது. வெறுங்காலு, கையில அதே அலுமினியப் பொடி. கூட வேலை பாக்குறவக போலன்னு நெனச்சேன். அம்மா பக்கமாக் குனிஞ்சு அது சொன்னது எனக்கும் தெளிவாக் கேட்டுச்சு.

"வீட்டுக்குப் போகாதீக. எனக்கும் கேஸுன்னுதான் சொன்னாக. நம்பி வீட்டுக்குப் போனேன்."

நான் கட்டில்கிட்டப் போறதுக்குள்ள ஆளைக் காணோம். அம்மா காலில மாட்டின செருப்பைக் கழட்டிட்டுத் திரும்பப் படுத்துட்டா.

"ஏலே, ஆட்டோவை அனுப்பிரு. நான் வரல."

கட்டில் வேணும்னு நர்ஸ் சொன்னதுக்கு, எடுத்துக்கோங்க, எனக்குத் தரை போதும்னுட்டா. டாக்டர் வந்தாரு. எங்க அம்மா முதலாளி முன்னால கூட வாயைத் திறக்க மாட்டா, அன்னைக்குக் குரலை உசத்தாமலே சொன்னா.

"ஐயா, தூசி அடைச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது அது இல்ல. இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க. அதுலயும் ஒண்ணுமில்லைன்னா நானே நடந்து போயிருதேன்."

டாக்டர் வெளிய ஒரு நடை போயிட்டு வந்து, மறுபடி ஈசிஜி எடுத்தாரு. ரத்தமும் எடுத்தாக. ரெண்டாவது ஈசிஜியைப் பாக்கும்போதே அவரு முகம் மாறிப்போச்சு. மாரடைப்பு. மதுரைக்கு அனுப்பும்போது அவரே ஆம்புலன்ஸ் வரைக்கும் ஓடி வந்தாரு. அங்க ஸ்டென்ட் வெச்சு அம்மா பிழைச்சா. இப்ப ஊருல யாரு நெஞ்சைப் பிடிச்சாலும் கையில இருக்குற வெல்லத்தைப் பிடுங்கிப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போறா, வலி விடலைன்னா மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்டு நிக்கிறா. டாக்டரம்மான்னு கேலி பண்றாக. எனக்கு அதுல எம்புட்டுப் பெருமை தெரியுமா.

இதோட முடிஞ்சிருந்தா நல்லா இருக்கும். போன மாசம் அந்த டாக்டருக்கு நன்றி சொல்லப் போனோம். அவரு கூச்சத்தோட, அன்னைக்கு உங்க வீட்டுப் பெரியவர் என்கிட்ட வந்து, 'நானும் இப்படித்தான் வீட்டுக்குப் போனேன்'னு சொல்லலைன்னா நான் மறுபடி எடுத்திருக்கவே மாட்டேன்னாரு. எங்க வீட்டுல பெரியவரே கிடையாது. பெரியவர் இல்ல சார், பச்சைச் சேலை கட்டின அக்கான்னு நான் சொல்லவும், அம்மா எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா.

"சேலையா? என்கிட்டப் பேசுனது ஒரு பையன்லே. உன் வயசுதான் இருக்கும்."