முப்பத்தெட்டாம் நம்பர் வில்லை

பழைய காசைப் பார்த்து அது வார்த்ததா, அச்சுல அடிச்சதான்னு சொல்ற வேலைக்கு லென்ஸை விடப் பொறுமைதாங்க நொம்ப வேணும். அது எங்கிட்ட கொஞ்சம் கம்மி. ஏற்காட்டுல மிளகும் காப்பித்தூளும் விக்கிற கடை என்னுது. கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு லென்ஸ் கிடக்கும். அதைப் பார்த்துட்டு ஆளாளுக்குக் காசை முடிஞ்சுக்கிட்டு வந்துடறாங்க. கூலியில்லாத இப்படி ஒரு வேலை உங்க தலையிலயும் விழுந்திருந்தா என் பாடு புரியும்.

புளிக் குளியல்

கரடியூர்ல இருந்து மிளகு கொண்டுவர்ற மாரப்பண்ணன் ஒரு நாள் செப்புக்காசு ஒண்ணை நீட்டினார். தகதகன்னு மின்னுச்சு. அதுதாங்க வினை. அச்சுல அடிச்ச காசுன்னா எழுத்தோட ஓரம் கூரா நிக்கும். உருக்கி ஊத்தினதுன்னா ஓரம் மழுங்கி, பொடிப்பொடியாக் குழி இருக்கும். இவர் புளி போட்டுத் தேச்ச தேய்ப்புல ஓரமும் போச்சு, குழியும் போச்சு.

"ஏனுங்கண்ணா, உங்களை யாரு தேய்க்கச் சொன்னா?"ன்னு கத்திப்போட்டேன். மனுசன் அசரவே இல்லை. "நாலு பேரு பார்க்கிற எடத்துக்குக் கூட்டிட்டு வர்றம், குளிப்பாட்டாம வர முடியுங்களா பாய்?"

அப்பா குடுத்தது

செல்வியக்கா கிளியூர்க்காரங்க. எஸ்டேட்டுல காப்பிப் பழம் பறிக்கிறவங்க, என்னை விடப் பத்து வயசு மூத்தவங்க. போன மழை விட்டதும் வந்து, ஒரு பித்தளை வில்லையை மேசையில வெச்சாங்க. 38ன்னு நம்பர். எந்தக் கூடை யாருதுன்னு தெரிய, அந்தக் காலத்துல எஸ்டேட்டுல கூடைக்குக் கட்டினது. இதுவும் புளியில குளிச்சுத்தான் வந்திருந்துச்சு, கேக்கணுமா!

முப்பத்தெட்டு அவங்கம்மாவோட நம்பர். செல்வியக்காவுக்கு ஒரு வயசு ஆகறதுக்குள்ள அம்மா போயிட்டாங்க. ஒரு போட்டோகூட ஊட்டுல இல்லை. அதுக்கு முந்தின மாசம் அப்பா சாகறப்ப இதைக் கையில குடுத்து, "இது உன்னுது கண்ணு"ன்னாராம். வெவரம் சொல்றதுக்குள்ள அவரும் போயிட்டார். "எங்கம்மாவுக்குக் கூடைதான் புள்ளை, என்னையத் தூக்கவே நேரமில்லைன்னு அத்தை சொல்லுமுங்க. கூடையில கட்டினது எப்படீங்க பாய் என்னுது ஆகும்?"

ஆணி ஓட்டை

லென்ஸை வெச்சேன். தகட்டைக் கத்திரியில வெட்டி, நம்பரைச் சுத்தியால அடிச்சு இறக்கியிருக்காங்க. எஸ்டேட்டுல போட்ட ஓட்டை நல்ல வட்டம். அதுக்கு நேர் எதிர்ல இன்னொரு ஓட்டை, ஊட்டுல ஆணி வெச்சு அடிச்சது. ஆணி அடிச்சா பின்பக்கம் பிசிறு நிக்கோணும். இதுல இல்லை. கல்லுல உரசி எடுத்திருக்காங்க. அதோட விட்டாங்களா? கத்திரி வெட்டின ஓரத்தையும் சுத்திச்சுத்தி உரசியிருக்காங்க. இந்த மாதிரி வில்லை நான் பத்து இருபது பார்த்திருக்கேன், எல்லாமே கையை அறுக்கும். கூடைக்குக் கட்டறதை யாருங்க இப்படி உரசுவாங்க? ஆணி ஓட்டைக்குள்ள, புளிக்குத் தப்பி, ஒரே ஒரு கறுப்பு நூல் இருந்துச்சு.

"அக்கா, இதுல கயிறு இருந்துச்சுங்களா?"

"கறுப்புக் கயிறுங்க. அழுக்கா இருக்குதேன்னு அடுப்புல போட்டுட்டேன்."

கத்தோணும்னு வாயைத் திறந்தேன், முடியலை. மெதுவாத்தான் சொன்னேன். "அது அரைஞாண் கயிறுங்கக்கா. வெள்ளி வாங்க வழியில்லாம தன்னோட நம்பரையே உங்க இடுப்புல கட்டியிருக்காங்க. விரலை ஓரத்துல வெச்சு ஓட்டிப் பாருங்க."

ஒரு சுத்து ஓட்டினாங்க. மறுபடியும் ஓட்டினாங்க. அவங்க அழுதாங்க, மிளகு வாங்க வந்தவங்க முன்னால நானும் அழுதேன். "ஒரு எடத்துலகூடக் கீறலீங்களே பாய்."

அன்னையில இருந்து யாராவது புளி போட்டுத் தேச்சுக் கொண்டுவந்தா எடுத்ததும் நான் கத்தறதில்லைங்க. கயிறு ஏதாச்சும் இருந்துச்சான்னு கேட்டுட்டு அப்புறந்தான் கத்தறேன்.