கூரைக்கு எறிந்த பல்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் ஏன், எப்படி என்று கேட்டுக் குடைவேன். என் கணவர் அதற்குப் 'பொலிஸ் விசாரணை' என்று பேர் வைத்திருக்கிறார். கேட்டே ஆகவேண்டிய ஒரு நாளில் மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.

அக்கா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. அவளுடைய மகள் எங்களோடு இருக்கிறாள், எட்டு வயது. அக்கா விமானம் ஏறும்போது பிள்ளைக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்து வெறும் பல்முரசு, ஈறுதான் இருந்தது. அதனால் வெள்ளிக்கிழமை வீடியோவில் வந்தால் அவளுடைய முதல் பேச்சு எப்போதும் ஒன்றுதான். "வாயைக் காட்டு மகள், எவ்வளவு வந்திரிக்கு எண்டு பாப்பம்." பிள்ளை போனை விழுங்கப் போகிறவள் மாதிரி வாயைத் திறப்பாள். பல் அரிசிமணி அளவில் எட்டிப் பார்த்ததிலிருந்து முழுதாக இறங்கியது வரை அக்கா வாராவாரம் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும். பல்தானே, தன்பாட்டில் முளைக்கும், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைப்பேன்.

அன்று வியாழக்கிழமை, போயா, பௌர்ணமி லீவு. காலையில் முற்றத்தில் சைக்கிள் ஓடிய பிள்ளை மணலில் சறுக்கி, ஹாண்டிலில் வாய் அடிபட விழுந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கும்போது வாய் நிறைய இரத்தம், உதடு வீங்கிப் பிதுங்கியிருந்தது. காலடியில் ஒரு பல் கிடந்தது. முன்பல்லுக்குப் பக்கத்தில் ஒரு பாற்பல் ஒரு கிழமையாக ஆடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அதுதான் விழுந்துவிட்டது என்று முடிவுகட்டினேன்.

விழுந்த பல்லைக் கூரைக்கு எறிந்து, இதை எடுத்துக்கொண்டு புதுப் பல்லைத் தா என்று அணிலிடம் கேட்பது எங்கள் வழக்கம். அந்த வருடம் மட்டும் நாலைந்து பல் எறிந்திருந்தேன். கை பழகிவிட்டது. எடுக்கும்போது இது வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. கால் முளைத்த மாதிரி இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. ஆனால் பிள்ளை கத்திக்கொண்டிருந்தாள். அழுகையை நிறுத்த வேண்டும் என்ற அவசரத்தில் அணிலைக் கூப்பிட்டு ஓட்டுக் கூரையில் வீசினேன்.

பிறகுதான் இரத்தம் நிற்கவில்லையே என்று பயம் வந்தது. நாங்கள் இருப்பது படுவான்கரையில், வாவிக்கு மேற்கே. பல் டாக்டரிடம் போவதென்றால் அக்கரைக்குத்தான் போகவேண்டும், போயாவில் கிளினிக்கும் பூட்டு. பல் கிளினிக்கில் வேலை செய்யும் என் பள்ளித் தோழி லீவில் தூரத்துப் பனிச்சங்கேணியில் நின்றாள். அவளுக்கு அழைத்து, கராம்பு வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"கராம்பை விடு கா. சுத்தமான துணியை மடிச்சு அமத்திப் பிடி. விழுந்த பல்லு எங்க?"

"கூரையில."

"பாற்பல்லா?"

"ஓம்... ஆனா கொஞ்சம் நீளமா இருந்திச்சு."

"நீளமா? வேரோடயா?" என்றாள். "பாற்பல்லு விழக்குள்ள வேர் கரைஞ்சிரும். மொட்டையாத்தான் விழும். நீ அவட வாயைத் திறந்து பாரு."

பார்த்தேன். ஆடிக்கொண்டிருந்த பாற்பல் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், புது முன்பல் இருந்த இடத்தில், ஒரு சிவந்த குழி. முன்பல்தான் போயிருக்கிறது என்று போனில் கத்தினேன்.

"அரை மணிக்குள்ள திரும்ப வெச்சா பிடிக்கும். பிந்தினாக் கஷ்டம். பசும்பால் இரிக்கா? ஒரு கோப்பையில எடுத்து வை."

"ஏன் பால்?"

"மறுகா சொல்றன், முதல்ல போய்ப் பல்லைத் தேடு!"

கணவர் ஏணியைச் சாத்தி ஏறினார். ஓட்டில் முருங்கை இலையும் காக்கை எச்சமும்தான் இருந்தன. நான் கீழே நின்று இடம்வலம் என்று கத்தினேன். அணில் உண்மையிலேயே எடுத்துக்கொண்டு போயிருக்குமோ என்றுகூட யோசித்தேன். வாயில் துணியோடு இருந்த பிள்ளைதான் என் சட்டையை இழுத்தாள். துணியை எடுத்துவிட்டு, "பீலிக்குள்ள, சின்னம்மா" என்றாள். அணில் வருகிறதா என்று அவள் ஒவ்வொரு முறையும் காது கொடுத்துக் கேட்பாளாம். இந்த முறை பல் உருண்டு வந்து, கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் பீலியில் விழுந்த சத்தம் கேட்டதாம்.

பீலியில் சருகுக்குள் இருந்தது. வேரில் கை படாமல் பல்லின் தலையைப் பிடித்து, தேய்க்காமல், பாலில் அலசச் சொன்னாள் தோழி. போனை ஸ்பீக்கரில் வைத்தோம். பல்லைப் பிடித்த பிறகுதான் எனக்கு அடுத்த சந்தேகம்: எது முன்பக்கம்? கண்ணாடியில் என் பல்லைப் பார்த்தேன். உட்புறம் குழிந்திருந்தது. முப்பது வருடமாக என் வாயில் இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

"பயமா மகள்?"

"உங்களுக்கு?" என்று திருப்பிக் கேட்டாள்.

ஓம் என்றேன். மெதுவாக அழுத்தினேன். முனகினாள், தலையை அசைக்கவில்லை. பல் உள்ளே போய் நின்றது. கைலேஞ்சித் துணியை மடித்துக் கடிக்கக் கொடுத்தேன். மணியைப் பார்த்தேன், விழுந்து இருபத்தைந்து நிமிடம்.

அதற்குள் தோழி தனக்குத் தெரிந்த ஒரு பல் டாக்டரைப் பிடித்திருந்தாள். அம்பிளாந்துறையில் படகேறிக் குருக்கள்மடத்தில் இறங்கும்வரை பிள்ளை கைலேஞ்சியைக் கடித்தபடி பேசாமல் இருந்தாள். நான்தான் போனில் தோழியை நச்சரித்தேன். வேரைச் சுற்றி உயிருள்ள மெல்லிய தோல் இருக்கிறதாம். தண்ணீரில் ஊறினால் அது ஊதி வெடித்துவிடும், பாலில் தாக்குப்பிடிக்கும் என்றாள். இளநீர் என்றால் என்று கேட்டேன். அதுவும் உதவுமாம். தயிர்? "போனை வைக்கிறன் கா" என்றாள்.

டாக்டர் மற்ற முன்பல்லோடு சேர்த்துக் கம்பி கட்டி, ஏற்பு வராமலிருக்க டெட்டனஸ் ஊசியும் போட்டார். பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன், போகப் போகத்தான் தெரியும் என்றார்.

மறுநாள் வெள்ளி. அக்காவிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். பிள்ளை ஒரே வரியில் உடைத்துவிட்டாள். "அம்மா, சின்னம்மா என்ட புதுப் பல்லைக் கூரையில எறிஞ்சிட்டா. மறுகா எடுத்து வெச்சா."

அக்கா என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஏசவில்லை. "கிட்டக் கொண்டு வா" என்றாள். பிள்ளையின் வீங்கிய உதட்டை நான் மெல்லத் தூக்கிப் பிடித்தேன். அக்கா நெடுநேரம் பார்த்தாள்.

"சரியாத்தான் வெச்சிரிக்காய்" என்றாள். "அது முதலே கொஞ்சம் இடப்பக்கம் சரிஞ்சுதான் முளைச்சது. அப்படியேதான் இரிக்கு."

அந்தப் பல்லை நான் இரண்டு விரலால் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, என் கையால் உள்ளே வைத்தவள். அது சரிந்து முளைத்த பல் என்பது எனக்குத் தெரியாது.