ஜாடிமேல் கவிழ்த்த தட்டு

எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் ரோட்டில் நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

காற்றில் கலக்கும் தூசியைப் பற்றி ஆராயும் ஓர் அலுவலகத்தில் அப்போது நான் உதவியாளர். அந்த ரோட்டோரம் கல் உடைக்கும் கிரஷர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே இரண்டாவதற்கு அனுமதி கேட்டிருந்தார்கள். மேற்கே கூப்பிடு தூரத்தில் ஒரு குடியிருப்பு. அங்கே தூசி போகுமா என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டோம். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குத் தகவல் கொடுக்கும் முறைப்படி அட்டை அட்டையாகத் துளை போட்டு, காலையில் மட்டும் அளந்த காற்றின் திசையைக் கொடுத்ததும், தூசியெல்லாம் கடல் பக்கம்தான் போகும் என்று அது சொல்லிவிட்டது. மதியத்துக்கு மேல் கடல்காற்று ஊருக்குள் அடிக்கும் என்பது அங்கே மாடு மேய்க்கிறவருக்குக்கூடத் தெரியும். எங்கள் அதிகாரிக்குத்தான் தெரியவில்லை.

கணக்கு சரியா என்று பார்க்க, குடியிருப்பில் நாஸ்தா கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அம்மாவின் வாசலில் கம்பம் நட்டு, தண்ணீர் ஊற்றிய ஜாடி ஒன்றை வைத்தோம். அதில் விழும் தூசியை மாதம் ஒருமுறை எடுத்து எடை போட வேண்டும். கொஞ்சம் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேனே தவிர, எதற்கென்று அவரிடம் சொல்லவில்லை. படித்த திமிர், வேறென்ன?

இரண்டு மாதமும் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அதிகாரிக்கு வாயெல்லாம் பல்.

மூன்றாம் மாதம் ஜீப் பழுதாகிவிட்டது. எப்போதும் காலையில் போகிறவள், பஸ் பிடித்து மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஜாடிமேல் ஒரு தட்டு கவிழ்த்திருந்தது. தட்டின்மேல் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி.

"நீதானேம்மா பத்திரமா பாத்துக்கச் சொன்ன? மத்யானமானா மண்ணா வந்து வுழுது. தண்ணிய தொறந்து போட்டா நாசமாப் பூடாதா? நீ வர்ற அன்னிக்குக் காலைல எடுத்து வெச்சிடுவேன். இன்னிக்குக் காலைல நீ வர்லியேன்னு திரும்ப மூடிட்டேன்" என்றார் அந்த அம்மா, பெருமையாக. உள்ளே அவர் மகள் விடாமல் இருமினாள். "அது எந்நேரமும் இருமிகினேதான் கீது" என்றார்.

விஷயத்தைச் சொல்லி, தட்டை எடுக்கச் சொன்னேன். அடுத்த மாதம் ஜாடியின் அடியில் சேறு. அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டி, தட்டு கதையையும் சொன்னேன். கடைக்காரி அடுப்புச் சாம்பலைக் கொட்டியிருப்பாள் என்று சொல்லி, அந்த மாத அளவையே அவர் அடித்துவிட்டார். மூடிக் கிடந்த முதல் மூன்று மாதம் மட்டும் அறிக்கையில் ஏறியது. கம்ப்யூட்டர் கணக்கு அபாரமாகப் பொருந்துகிறதாம்! அட்டவணையின் கீழே என் கையெழுத்து. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டாவது கிரஷர் வந்துவிட்டது. கம்பத்தைப் பிடுங்கப் போனபோது அந்த அம்மா, "நான் மூடி வெச்சதாலதானா இப்படி ஆச்சு?" என்று கேட்டார். நான் குனிந்து கம்பத்தைச் சுற்றி மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

ஜாடி சுத்தமாக இருந்தபோது ஏன் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அழுக்கானதும்தான் அத்தனை சந்தேகமும் வந்தது. அந்த அதிகாரிமேல் எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, என்மேலும்தான். அதற்கப்புறம் எந்தக் கணக்காவது நாங்கள் எதிர்பார்த்தபடியே வந்து நின்றால், நேரில் போய் ஜாடிமேல் தட்டு இருக்கிறதா என்று பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.