அடுப்போரம் காய்ந்த தட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து அலுவலகத்துக்குக் கணினி வந்தது எண்பதுகளின் கடைசியில். வந்த நாளிலிருந்து எனக்குப் பயம்தான். பக்கத்துத் தோட்டத்தில் கணினி வைத்த பிறகு, அங்கே கணக்கெழுதிக்கொண்டிருந்த இரண்டு கிராணிகளில் ஒருவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் தோட்டத்து வீடும் போய்விடும். அவருடைய கட்டிலும் அலமாரியும் ஒரு காய்கறி லாரியில் ஏறிப் போனதை அலுவலகச் சன்னல் வழியாகப் பார்த்தேன். எங்களிடமும் கிராணிகள் இரண்டு பேர். நான் இளையவன்; வீட்டில் கைக்குழந்தை.

தோட்டத்தை நிர்வகிக்க ஈப்போவிலிருந்து வந்த புதிய துரை தமிழர். கணினியைக் காட்டி என்னிடம் சொன்னார்: "கடிதம் அடிக்க, கணக்குப் போட எந்தப் புரோகிராம் தோதுன்னு நீயே பார்த்துச் சொல்லு. அடுத்த மாச ரிப்போர்ட்டை அதுலயே அடி. தப்பாப் போச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

என் முன்னால் இரண்டு புரோகிராம்கள் இருந்தன. ஒன்று, கணினியோடு விலைக்கு வாங்கியது. அதைத் திறக்கும்போதெல்லாம் அதன் அசல் தட்டு, அந்தக் காலத்து ஃபிளாப்பி, இயந்திரத்துக்குள் இருக்க வேண்டும். அந்தத் தட்டைப் பிரதி எடுக்க முடியாது. அதில் எழுதியதை வேறு எதிலும் திறக்கவும் முடியாது.

இன்னொன்றைக் கொடுத்தவர் பிரிஞ்சாங்கில் எழுதுபொருள் கடை வைத்திருந்த பாய். கோலாலம்பூரில் படித்த அவர் மகன் கொண்டுவந்தது.

"சும்மாவா பாய்?"

"சும்மாதான் லா."

"திருட்டுச் சாமானா?"

"திருட்டுச் சாமான்னா காசு கேட்டிருப்பேன்ல, கிராணியாரே."

அதை எழுதியவர் முதல் திரையிலேயே சொல்லியிருந்தார்: பயன்படுத்துங்கள், பிரதி எடுத்துக் கொடுங்கள், கோளாறு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். திருத்துவதற்கு வேண்டிய நிரல் முழுவதும் அதே தட்டில் இருந்தது. இன்று இதைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். அன்று எனக்கு அது இன்னொரு பயம். இதை எழுதியவர் யார், எந்த ஊர், நாளைக்குக் கெட்டால் யாரைப் போய்க் கேட்பது? கணினியைக் கெடுக்கும் கிருமி ஒன்று தட்டுகளில் ஒட்டிக்கொண்டு வருவதாகவும் அப்போது பேச்சு இருந்தது.

இரண்டையும் நம்ப முடியாததால் எல்லா வேலையையும் இரண்டிலும் செய்தேன். கொழுந்து எடை அட்டவணையை ஒன்றில் அடித்து முடித்ததும் இன்னொன்றில் அடிப்பேன். மூத்த கிராணி எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, ரெட்டைப் பிள்ளை வளர்க்கிறியா?" என்பார். இலவசமானதில் கட்டங்களுக்குக் கோடு சரியாக விழவில்லை. மற்றபடி குறை இல்லை. ஆனாலும் விலைக்கு வாங்கியதையே சொல்வது என்று தீர்மானித்திருந்தேன். அது கெட்டால் பழி விற்றவர்கள் மேல் போகும் அல்லவா?

அந்த மாதம் மழை விடவே இல்லை. மூடுபனி அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அசல் தட்டின் உறையில் பூஞ்சை பிடித்திருந்தது. அதன் பிறகு தினமும் அதைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

ரிப்போர்ட் அச்சிட வேண்டிய நாள் காலையில் வீட்டு அலமாரியில் தட்டு இல்லை.

"பூஞ்சை புடிச்சிருந்துச்சே," என்றாள் மனைவி. "பிள்ளைத் துணியோட தம்பிகிட்டக் கொடுத்தனுப்பினேன். காஞ்சதும் கொண்டாந்துரும்."

அவள் தம்பிக்கு வேலை, தொழிற்சாலையில் கொழுந்து உலர்த்தும் டிரையருக்கு விறகு போடுவது. மழைக்காலத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் துணி எல்லாம் அந்த அடுப்பறைச் சுவரோரம்தான் காயும். அங்கே துணி போடக்கூடாது என்பது உத்தரவு. எல்லோரும் போட்டார்கள்.

ஓடினேன். குழந்தைத் துணிகளுக்கு நடுவே தட்டு கிடந்தது, சுட்ட அப்பளம் போல் நெளிந்து.

"நல்லாக் காஞ்சிருச்சு மச்சான்," என்றான் அவன். "ஒரே பக்கம் சூடு படக்கூடாதுன்னு திருப்பித் திருப்பிப் போட்டேன்."

என் வேலையோடு அவன் வேலையும் போகும் என்பது அப்போதுதான் உறைத்தது.

நெளிந்த தட்டை இயந்திரம் ஏற்கவில்லை. அதில் அடித்திருந்த அத்தனையும் கணினிக்குள் இருந்தும் திறக்க வழியில்லை. இலவசமானதைத் திறந்தேன். ரிப்போர்ட் அதில் முழுதாக இருந்தது. அச்சு இயந்திரம் வரிவரியாகக் கத்தி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன், உட்கார முடியவில்லை.

துரை தாள்களைப் புரட்டினார். "கோடெல்லாம் கோணலா இருக்கே. எதுல அடிச்ச?"

"பாய் கொடுத்ததுலங்க ஐயா."

"வாங்கினது என்னாச்சு?"

தட்டை மேசைமேல் வைத்தேன். அவர் அதை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். ஒரு முனை எழுந்து மறுமுனை அமர்ந்தது.

"இது எங்க இருந்துச்சு?"

பொய் சொல்ல நினைத்தேன், எதுவும் வரவில்லை. "டிரையர் அடுப்புகிட்டங்க ஐயா. வீட்டுல காயட்டும்னு அனுப்பிட்டாங்க."

அவர் தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எனக்கு அந்த லாரி நினைவுக்கு வந்தது.

"என் காலுறையும் அங்கதான் காயுது," என்றார் கடைசியில். "பங்களா சமையல்காரன் கொண்டுபோறான். உனக்கும் தெரியும்தானே?"

தெரியும். தலையாட்டப் பயந்து அப்படியே நின்றேன்.

"பாய் கொடுத்ததுக்கு எத்தனை பிரதி எடுக்கலாம்?"

"எத்தனை வேணும்னாலும் எடுக்கலாங்க."

"அப்ப அதையே வச்சுக்குவோம். ஆபீஸ்ல ஒண்ணு, பங்களாவுல ஒண்ணு, உன் வீட்டுல ஒண்ணு. அந்தக் கோடுகளை மட்டும் நேராக்கு."

அன்று பிரதி எடுக்கும்போது, இயந்திரத்தின் சிவப்பு விளக்கு ஒவ்வொரு முறை அணையும்வரை தட்டைத் தொடவே இல்லை. எனக்கான தட்டை மெழுகுத் தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி குழந்தையோடு வாசலில் நின்றிருந்தாள். தம்பி வந்து சொல்லியிருப்பான் போலும், முகம் வெளுத்திருந்தது.

"வீடு இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

தட்டை அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.