பர்ஸோ என்றால் எந்த நாள்?

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தில் ஒரு வரி எனக்கு இன்னும் மனப்பாடம். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘விபத்துக்கு இரண்டு நாள் முன்பே பிளக் போர்டில் தீப்பொறி வந்ததைப் பாலிசிதாரரின் மகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்.’ ஆகவே இது கவனக்குறைவு. ஆகவே ஸ்பீக்கர்களுக்கு இழப்பீடு கிடையாது.

ஒப்புக்கொண்டிருக்கிறார். திருடன் ஒப்புக்கொள்வான். லஞ்சம் வாங்கி மாட்டினவன் ஒப்புக்கொள்வான். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தீப்பிடித்த வீட்டில் தனியாக நின்று, அந்தத் தீயை அணைத்தவள்.

அன்று மத்தியானம் நான் ஆபீஸில் இருந்தேன். ஹைதராபாத் மாரெட்பள்ளியில் எங்கள் தெருக் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்து, வீட்டு லைனில் கரண்ட் தாறுமாறாக ஏறியிருக்கிறது. ஹாலில் ஆம்ப்ளிஃபயர் செருகியிருந்த போர்டு பற்றி, திரைச்சீலைக்குத் தாவியது. மகள் அதற்கு எதிரே தரையில் பாய் விரித்து, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஓடியவள் நேராக வெளியே ஓடவில்லை. வராந்தாவுக்குப் போய் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் குளியலறை வாளியைத் தூக்கியிருக்கிறாள். முதலில் தண்ணீரை ஊற்றியிருந்தால்? இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. ஆபீஸில் யாராவது ஸ்டேப்ளர் பின்னைக் கீழே போட்டால்கூட இப்போதெல்லாம் எனக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது.

வீடு தப்பியது. ஸ்பீக்கர்கள் போய்விட்டன. ஒன்று கருகியது, இன்னொன்று அவள் ஊற்றிய தண்ணீரில் ஊறி, உள்ளே இருந்த காகிதக் கூம்பு கூழாகிவிட்டது.

அந்த ஸ்பீக்கர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில், திருமுல்கேரியில் ஒரு ராணுவ அதிகாரி மாற்றலாகிப் போகும்போது விற்றுவிட்டுப் போனார். என் இடுப்பு உயரம், தேக்கு நிறம், முன்னால் காப்பிப் பொடி நிறத்தில் துணி. ஒன்றை ஆட்டோவில் காலருகே வைத்து, இன்னொன்றை மடியில் படுக்கவைத்துக் கட்டிப்பிடித்தபடி வந்தேன். என் கணவர் அன்று வைத்த பேர்தான் கடைசிவரை: “ரெண்டு பீரோ.” விருந்தாளி யார் வந்தாலும், “பார்த்து உட்காருங்க, அது என் சம்சாரத்தோட பீரோ” என்பார். நகைக் கடையில் எனக்கு எது பிடிக்கும் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது; அந்தப் பெட்டியைத் துடைக்க எந்தத் துணி என்று தெரியும்.

இரண்டுக்கும் சரிநடுவில் உட்கார்ந்தால் பாடுகிறவரின் குரல் இரண்டு பெட்டியிலிருந்தும் வராது. எதிரே, ஒன்றுமே இல்லாத இடத்தில் ஆள் நிற்கிற மாதிரி நிற்கும். மகள் தவழ்கிற வயதில் அந்தத் துணியில் உள்ளங்கையை வைத்து, மிருதங்கம் வந்தால் சிரிப்பாள். அந்த நடு இடம் அவளுடையதாகிவிட்டது. படிப்பதும் அங்கேதான். அதனால்தான் அன்றும் அங்கே இருந்தாள். அந்த இடத்தை அவளுக்குக் காட்டிக் கொடுத்தவள் நான்.

சேதத்தைப் பார்வையிட சர்வேயர் வந்தார். வடக்கிலிருந்து புதிதாக இந்த ஊருக்கு வந்தவர். சுத்தமான இந்தி, சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. கருகிய பெட்டியைப் பேனாவால் தட்டிப் பார்த்து, “இதுக்குப் பில் இருக்கா?” என்றார். இல்லை. “இவ்வளவு பழசையா இன்னும் வெச்சிருந்தீங்க?” என்றார். வீட்டில் யாராவது இருந்தார்களா, அடி ஏதும் பட்டதா என்று அவர் கேட்கவில்லை. மரியாதைக்கு டீ போடலாமென்று நான் அடுப்படிக்குப் போனேன். அந்த டீயை நினைத்தால் இப்போதும் எரிகிறது. நான் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவர் மகளிடம் கேட்டிருக்கிறார்: பேட்டா, இந்த போர்டில் இதற்கு முன் எப்போதாவது தீப்பொறி வந்ததுண்டா?

அவளும் இந்தியில் பதில் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த இந்தி இந்த ஊர்த் தெரு இந்தி, ஸ்கூல் பஸ் இந்தி. சொல்லிவிட்டு மறந்தும் போனாள்.

கடிதம் வந்த அன்று நான் அதை வாசித்துக் காட்டியதும் அவள் அதை என் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தாள். “நான் அப்படிச் சொல்லவே இல்லம்மா.”

“பின்ன என்னத்தச் சொன்ன? சொன்னத அப்படியே சொல்லு.”

“ஸ்பார்க் வந்துச்சான்னு கேட்டாரு. ‘ஹவ் அங்கிள், பர்ஸோ ஆயா தா’ன்னேன். அவ்வளவுதான்.”

என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். “போச்சு! உன் பீரோ ரெண்டும் பர்ஸோவுல போச்சுல்லா!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆமாம் அங்கிள், பர்ஸோ வந்தது என்றுதான் அவள் சொல்லியிருக்கிறாள். பாடப்புத்தக இந்தியில் பர்ஸோ என்றால் முந்தாநாள். ஹைதராபாத்தில் பர்ஸோ என்றால் போன எந்த நாளும் பர்ஸோதான். போன வாரம் பர்ஸோ. போன வருஷம் பர்ஸோ. எதிர்வீட்டு அம்மாவுக்குப் பேரன் பிறந்தது பர்ஸோ. அவன் இப்போது சைக்கிள் ஓட்டுகிறான். மகள் சொன்ன பொறி தீபாவளிக்கு முன்னால் வந்தது. அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு போர்டையே புதிதாக மாற்றினோம். அவருக்குப் போனில் பணம் அனுப்பிய பதிவுகூட இருக்கிறது.

இத்தனையும் நான் சத்தமாகச் சொல்லி முடித்ததும் மகள் கேட்டாள்: “அப்போ என்னாலதானாம்மா?”

எந்தப் பெட்டி எரிந்தாலும் எரியட்டும். அந்தக் கேள்வியை அவள் வாயில் போட்டார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்குப் போனேன். கிளைம் பிரிவு மேலாளர் இந்த ஊர்க்காரர், வாய் நிறையப் பாக்கு. நான் பேச ஆரம்பிக்கும் முன்பே கையமர்த்தினார். “அரே மேடம், பர்ஸோ இச் தோ லெட்டர் பேஜே ஆப்கு!” பர்ஸோதானே லெட்டர் அனுப்பினோம், அதற்குள் சண்டைக்கு வந்துவிட்டீர்களே என்று அர்த்தம்.

சாமி வந்து எதிரே நின்ற மாதிரி இருந்தது எனக்கு.

“எப்போ அனுப்பினீங்க?” என்று அவருடைய இந்தியிலேயே கேட்டேன்.

“பர்ஸோ, மேடம்.”

“இன்னைக்குத் திங்கட்கிழமை. பர்ஸோன்னா சனிக்கிழமை. சனிக்கிழமையா அனுப்பினீங்க?”

“நை, நை. பர்ஸோ.”

கடிதத்தை அவர் முன்னால் வைத்து, தேதியின் மேல் விரலை வைத்தேன். போன மாதத் தேதி. அவர் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தேதியைப் பார்த்தார். பக்கத்து மேஜைப் பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

“பர்ஸோன்னா... பர்ஸோதான் மேடம்” என்றார்.

“அதையேதான் என் பொண்ணும் சொன்னா. அதுக்குத்தான் நீங்க அவளைக் குற்றவாளின்னு எழுதியிருக்கீங்க.”

மனிதர் நல்லவர்தான், அசடு வழியச் சிரித்தார். எலக்ட்ரீஷியன் விவரத்தை வாங்கிப் பார்த்தார். சர்வேயருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். “இந்தியில் அதற்கு அதுதானே அர்த்தம்?” என்றது அந்தக் குரல். இந்த ஊரில் அப்படி இல்லை என்று இவர் சொல்ல, “அப்படியென்றால் அவர்கள் இந்தி தப்பு” என்றது. ஒரு வருத்தம்? ஒரு ‘ஓகோ’? எதுவும் கிடையாது.

கடைசியில் மேலாளர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். கிளைமை மறுபடி எடுக்கிறோம், அதே தரத்தில் புது ஸ்பீக்கர் வந்துவிடும், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்.

“அந்த வரி?”

“ஸ்பீக்கர் வருதில்ல மேடம். அது ஃபைலுக்குள்ள கிடக்கும், யார் பார்க்கப் போறாங்க? கைக்கு டென்ஷன்?” எதற்கு டென்ஷன் என்கிறார்.

“நக்கோ” என்றேன். “எனக்கு ஸ்பீக்கரே வேண்டாம். முதல்ல அந்த வரியை மாத்துங்க.”

நான் வேலை பார்ப்பது ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் தரப் பரிசோதனைப் பிரிவில். அறிக்கை எழுதுவதுதான் என் பிழைப்பு. ஃபைலுக்குள் கிடக்கும் வரி சும்மா கிடக்காது என்று எனக்குத் தெரியும். ‘இரண்டு நாள் முன்பு’ என்பதை ‘சில மாதங்கள் முன்பு, அப்போதே போர்டு மாற்றப்பட்டது’ என்று திருத்தவைத்தேன். ‘ஒப்புக்கொண்டார்’ என்பதை அடித்துவிட்டு ‘சொன்னார்’ என்று போடவைத்தேன். தீயை அணைத்தவளே அவள்தான், அதையும் சேருங்கள் என்றேன். அதற்கு அறிக்கையில் இடமில்லையாம். பழி போட இடம் இருந்தது; இதற்கு இல்லை. சர்வேயர் கையெழுத்தோடு திருத்தம் கைக்கு வந்த பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் காட்டினேன். வாசித்தாள். “தேங்க்ஸ்மா” என்று மடித்துக் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்திருந்தேனோ என்னவோ.

புது ஸ்பீக்கர்கள் போன வாரம் வந்தன. முட்டி உயரம்கூட இல்லை. “பீரோ போய் டிஃபன் டப்பா வந்திருக்கு” என்றார் என் கணவர். அவரே ஒயர்களை மாட்டினார். மகள் அந்தப் பழைய இடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தாள். நான் வராந்தாவில் மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றேன், கையை அதன்மேல் வைத்தபடி.

“அம்மா, இங்க வா. நடுவுல உட்காரு.”

“வாரேன். நீ போடு.”

பாட்டு வந்தது. சத்தம் நன்றாகத்தான் இருந்தது. நல்லதாக இருப்பதுகூட எனக்கு எரிச்சலாக இருந்தது. தீக்கு முந்தின வாரம் அவளும் நானும் சேர்ந்து கேட்ட பாட்டு. நான் வராந்தாவிலிருந்தே கத்தினேன்: “ஏட்டி, இதை நாம கடைசியா எப்போ கேட்டோம்?”

முன்பென்றால் யோசிக்காமல் வந்திருக்கும். ஒரு சொல், இந்த ஊர்ச் சொல், அவ்வளவுதான்.

எட்டிப் பார்த்தேன். விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு தேதியைச் சொன்னாள். கிழமையையும் சேர்த்துச் சொன்னாள். சரியாகத்தான் இருந்தது.