காரணம் எழுதும் கட்டம்

படிக்கத் தெரியாத பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். நினைவு மலருக்கு அண்ணனைப் பற்றி எழுதச் சொன்னால் இவன் தன்னைப் பற்றி ஆரம்பிக்கிறானே என்று நினைக்க வேண்டாம். என் முட்டாள்தனத்தைத் தாண்டாமல் அண்ணனிடம் போக வழியில்லை.

கல்லூரியில் படித்தபோது நண்பர்களோடு போய் ரயில் நிலையப் பலகையில் இந்தி எழுத்தின்மேல் தார் பூசினேன். பாதித் தார் என் வேட்டியில். பிறகு வயிற்றுப்பாட்டுக்கு அதே இந்தி பேசும் டில்லிக்கே வந்து சேர்ந்தேன். எட்டு வருஷம் கறிகாய்க்காரனிடம் "பையா, ஜல்தி" என்று கூவியே காலம் தள்ளினேன். எழுத்து மட்டும் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. கொள்கை என்று வெளியே சொல்வேன், சோம்பல்தான். அப்படிப்பட்டவன் முன்னால் ஆபீஸ் நண்பன் ஒருவன் இந்திப் பத்திரத்தை நீட்டி, சாட்சிக் கையெழுத்துதான் பார்ட்னர் என்றான். படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கம். இரண்டு நிமிஷம் தாளை உற்றுப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போட்டேன். கடன் வாங்கியவனே நான்தான் என்று அதில் எழுதியிருந்தது.

எங்கள் அண்ணன் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள். அப்பா காலமானபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஆறு. படிப்பை நிறுத்திப் பரீட்சை எழுதி, மத்திய சர்க்கார் குமாஸ்தாவாக டில்லிக்கு ரயிலேறினார்கள். மாதம் தவறாமல் மணியார்டர் வரும். அதில்தான் நான் படித்தேன், தார் வாங்கவும் அதில்தான் காசு எடுத்தேன். பிறகு என்னையும் வரவழைத்து ஒரு வேலையில் சேர்த்துவிட்டார்கள்.

மதினி தென்காசிப் பக்கம். மதினியின் அப்பா யாருக்கோ ஜாமீன் நின்று, இருந்த ஒரே வீட்டையும் இழந்தவர். ஒரு தகரப் பெட்டியோடு லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்த மதினி, கூடவே இருந்த என்னைக் கொழுந்தனாக நினைக்கவில்லை. தலைப்பிள்ளை மாதிரி நினைத்துச் சோறு போட்டார்கள்.

அண்ணனின் நேர்மை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமையானால் தெரிந்தவர்கள் எல்லாம் விண்ணப்பம் எழுதிக்கொள்ள வந்துவிடுவார்கள். அண்ணன் எழுதினால் கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி போகாது. கட்டத்துக்கு உள்ளே ஒரு பொய் இருக்காது. அவர்கள் செக்ஷனில் ஒருவர், தகப்பனார் காரியத்துக்கு என்று எழுதி இரண்டு முறை பி.எஃப். பணம் எடுத்தார். மூன்றாவது முறை எழுதிக்கொண்டிருந்தபோது அந்தத் தகப்பனாரே மகனைப் பார்க்க ஆபீஸுக்கு வந்துவிட்டார். செக்ஷனே சிரித்ததாம். அண்ணன் மட்டும் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

என் கடனுக்கு வருகிறேன். வெயில் காலத்தில் ஏர்கூலர் வாடகைக்கு விடும் தொழில் என்று நண்பன் சொன்னான். நான் 'மேனேஜிங் பார்ட்னர்' என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டேன். அந்தத் தொழிலில் நான் செய்த ஒரே வேலை அது. அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. கூலர்கள் கொட்டகையில் கிடந்து பூஞ்சை பிடித்தன. ஒரு நாள் போய்ப் பார்த்தால் கூலர்களும் இல்லை, நண்பனும் இல்லை. விற்றுக் காசாக்கிக்கொண்டு துபாய்க்கு விமானம் ஏறிவிட்டான். அவன் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்தவன் நான். ஒரு தபால்கூடப் போடவில்லை.

அப்போது எனக்குக் கிட்வாய் நகரில் பெண் பேசி முடித்திருந்தார்கள், தை மாதம் கல்யாணம். வட்டிக்குக் கொடுத்த லாலாவின் ஆள் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று சத்தம் போட்டான். கிட்வாய் நகர் எவ்வளவு தூரம்? அன்று மாலையே சேதி போய்விட்டது. பெண்ணின் அப்பா மரியாதையாக வந்து உட்கார்ந்து, கடன் தீரட்டும், மார்கழி வரை பொறுத்துப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணனின் ஒரே சேமிப்பு பி.எஃப். சொந்தமாக ஒரு ஃபிளாட்டுக்குப் பணம் கட்ட வைத்திருந்தது. அதை எடுத்தால் என் கடன் தீரும், கல்யாணம் நடக்கும், ஃபிளாட் போகும். எடுக்காவிட்டால் ஃபிளாட் இருக்கும், நான் போவேன். நான் அண்ணன் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"கடன் அடைக்கன்னு எழுத அதுல இடம் இல்லலே," என்றார்கள்.

"கல்யாணம்னு எழுதுங்கண்ணே. பாதிப் பேரு அப்படித்தான் எழுதுதான்."

"யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தான்."

"பொண்ணு யாரு, அந்த லாலாவா?"

சிரித்துவிட்டேன். அண்ணனும் லேசாகச் சிரித்து, யோசிக்கேன் என்றார்கள். அண்ணன் யோசித்தால் செய்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் அண்ணன் முகம் மழித்துக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்தபடி, "முடியாதுலே. ரூல் இல்ல," என்றார்கள். என் பக்கம் திரும்பவே இல்லை. மதினிதான் டம்ளரை என் கையில் வைத்து, "காப்பி ஆறுது தம்பி," என்றார்கள்.

மார்கழி முடிந்தது, அந்தச் சம்பந்தமும் முடிந்தது. நான் லாஜ்பத் நகரில் மொட்டைமாடி அறை ஒன்றுக்குப் போய்விட்டேன். அண்ணன் லாலாவிடம் நல்ல இந்தியில் வாதாடி, வட்டியை நிறுத்தி, ஐந்து வருஷத் தவணைக்கு ஒப்புக்கொள்ள வைத்தார்கள். சம்பளம் வாங்கிய கையோடு நான் கரோல் பாகில் லாலாவின் கடைக்குப் போவேன். அங்கே அண்ணன் சைக்கிளோடு எனக்கு முன்னால் வந்து நிற்பார்கள். ரசீதை வாங்கி ஒருமுறை படித்துப் பார்த்துத் திருப்பித் தருவார்கள். அறுபது ரசீது, அறுபது தடவை. ஒரு பைசா தரவில்லை, ஒரு மாதம் வராமலும் இருக்கவில்லை.

கூடப் பிறந்தவர் என்னை விற்று ஃபிளாட் வாங்குகிறார் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இவன் வாய் சும்மா இருக்காது என்று சிரித்தீர்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. துபாய்க்காரன் ஏமாற்றினான், அவன் அந்நியன். என்னை வளர்த்தவர் கைவிட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிடப் போவேன். வீம்பு வேறு, மதினி சமையல் வேறு. அண்ணனோடு நேராகப் பேச மாட்டேன். "மதினி, குழம்புல உப்பு கூடன்னு அங்க உக்காந்திருக்கவுகட்ட சொல்லுங்க," என்பேன். அண்ணன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பார்கள். கிளம்பும்போது மதினி பஸ்ஸுக்குச் சில்லறையைக் கையில் திணித்து, "அவுக அப்படித்தான் தம்பி. மனசுல வச்சுக்காதீங்க," என்பார்கள். அந்த வீட்டில் என் கட்சிக்கு ஓர் ஆள் இருக்கிறது என்று தெம்பாகப் பஸ் ஏறுவேன்.

காலப்போக்கில் நேராகவே பேச ஆரம்பித்தோம். வேறு பெண் பார்க்கலாம் என்று அண்ணன் எத்தனையோ முறை சொன்னார்கள். நான்தான் ஒவ்வொரு முறையும் ஒரு கேலி சொல்லித் தட்டிவிட்டேன். ஜனக்புரி ஃபிளாட் கைக்கு வந்தது. மூன்று வருஷ சர்வீஸ் பாக்கி இருக்கும்போது, போன தை மாதக் குளிரில், அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் பத்து நாள். ஒரு மத்தியானம் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே, "அன்னைக்கு ஏம்ண்ணே கொடுக்கல?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அண்ணன் சுவரைப் பார்த்தபடி, "ரூல் இல்லலே," என்றார்கள். பிறகு, "ஸ்வெட்டரைப் போடு." அண்ணன் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

சர்க்கார் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தபோது மதினியும் மகளும் நேரே ஜனக்புரிக்குப் போனார்கள். அந்த ஃபிளாட் இல்லையென்றால் எங்கே போயிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. என் அறையில் ஒரு கட்டில்தான்.

குடும்பப் பென்ஷனுக்காக அண்ணனின் காகிதங்களைப் புரட்டியபோது, நான்காக மடித்த ஒரு பி.எஃப். விண்ணப்பம் கிடைத்தது. தேதி, நான் காலடியில் உட்கார்ந்த அதே நாள். தொகை, என் கடன் முழுவதும். காரணம் எழுதும் கட்டத்தில், 'இளைய சகோதரன் திருமணம்.' கீழே கையெழுத்து. எனக்குத் தெரிந்து அண்ணன் எழுதிய ஒரே பொய். அதிலும் கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி போகவில்லை. என் கல்யாணம் இன்றுவரை அந்தத் தாளில் மட்டும்தான் நடந்திருக்கிறது.

அண்ணனுக்குத் தோள் கொடுத்து யமுனைக் கரை வரை வந்தவர்களுக்கும், பதினாறு நாளும் ரொட்டி சுட்டு அனுப்பிய பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளுக்கும், பென்ஷன் காகிதத்தோடு அறை அறையாக ஏறி இறங்கிய செக்ஷன் நண்பர்களுக்கும், இன்று ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணன் மகள் டில்லியில் பிறந்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். இதை அவளுக்கு நானே வாசித்துக் காட்டுவேன். எழுத்துத் தெரியாததை நான் கேலி செய்ய முடியாது. துபாய் நண்பனின் விலாசம் தெரிந்தவர்கள் சொன்னால் அவனுக்கும் ஒரு பிரதி அனுப்பலாம்.

கடைசியாக மதினிக்கு நன்றி சொல்ல வேண்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன், ஜனக்புரியில் உட்கார்ந்து இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். எதையும் எடுக்க வேண்டாம், நான் சொல்லுவதையும் சேர்த்துப் போடுங்க என்றார்கள். அந்த மடித்த தாளை எடுத்து முன்னால் வைத்தேன். எழுதிக் கையெழுத்தும் போட்ட அண்ணன் இதை ஏன் ஆபீஸில் கொடுக்காமல் விட்டார்கள், மதினி, பொய் சொல்லப் பயந்தா என்று கேட்டேன். மதினி தாளைப் பிரிக்கவில்லை. டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்கள்.

"நாந்தான் வேண்டாம்னேன். காப்பி ஆறுது தம்பி."