அப்பாவின் பாஸ்போர்ட்டுக்குள் அம்மா

எனக்கு எட்டு வயதாகும் வரை எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பாஸ்போர்ட்தான். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. அதென்ன ரேஷன் கார்டா, குடும்பத்துக்கு ஒன்று என்று கொடுக்க என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எழுபதுகளில் அப்படித்தான் இருந்தது. கருநீல அட்டைக்குள் ஒரு பக்கத்தில் அப்பா, இரவல் கோட்டுக்குள் விறைப்பாக. பக்கத்திலேயே ‘மனைவி’ என்று ஒரு கட்டம். அதில் அம்மா, கல்யாணமான புதிதில் எடுத்த படத்தில், தலை கொள்ளாத பூவோடு தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த பக்கத்தில் ‘குழந்தைகள்’ என்ற தலைப்புக்குக் கீழே பேனா மையில் என் பெயர். எனக்குப் படம்கூடக் கிடையாது.

இதில் அப்பாவுக்கு ஏகப்பட்ட பெருமை. அபுதாபியில் எங்கள் ஃபிளாட்டுக்கு யார் வந்தாலும், “ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே பாஸ்போர்ட்” என்பார். அந்த ஒரே பாஸ்போர்ட்டும் எங்கள் கூரைக்குக் கீழே இருக்கவில்லை என்பது வேறு விஷயம். அது அப்பாவின் கம்பெனியில், இரும்பு அலமாரிக்குள், மற்ற எல்லாருடைய பாஸ்போர்ட்டுகளோடும் பூட்டிக் கிடந்தது. ஊருக்கு லீவில் போகும்போது வெளியே வரும். திரும்பியதும் உள்ளே போய்விடும்.

எதிர் ஃபிளாட்டில் ஒரு முஸ்லிம் அக்கா இருந்தார். அவர்கள் வழக்கப்படி ‘லாத்தா’ என்றுதான் கூப்பிடுவோம். அதிராம்பட்டினத்துக்காரர். அம்மாவைத் ‘தங்கச்சி’ என்று கூப்பிடுவார். ரமலான் மாதத்தில் தினமும் ஒரு தூக்கு நோன்புக் கஞ்சி எங்களுக்கு வரும். அவர் வீட்டுக்காரருக்குத் துணிக்கடை. வெள்ளிக்கிழமைகளில் கைலி, பனியன், சோப்பு எல்லாவற்றையும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ருவைஸ் பக்கத்துத் தொழிலாளர் கேம்ப்களில் விற்றுவிட்டு இருட்டுவதற்குள் வந்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. ஒற்றைச் சாலை, சாயங்கால வெளிச்சம், குறுக்கே வந்த ஒட்டகம். பெரியவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கணவனை இழந்தவர் லாத்தா. வெளி ஆண்களுக்கு முகம் காட்டாமல் வீட்டுக்குள்ளேயே இத்தா இருக்க வேண்டிய காலம் அது. ஆனால் அவரும் அம்மாவைப் போலத்தான், கணவரின் பாஸ்போர்ட்டில் ‘மனைவி’ கட்டத்துக்குள் இருந்தார். மனிதர் போனதும் அவருடைய பாஸ்போர்ட்டின் மூலையை வெட்டி ரத்து செய்துவிட்டார்கள். அதுதான் விதி, யாரையும் குறை சொல்ல முடியாது. ஊர் போய்ச் சேர லாத்தாவுக்குத் தனியாக ஒரு தாள் வேண்டும். தாளுக்குப் படம் வேண்டும். படத்துக்கு முகம் வேண்டும்.

அம்மாதான் கூட்டிக்கொண்டு போனாள். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நானும் போனேன். போட்டோ ஸ்டுடியோவில் லாத்தா வெள்ளைத் துப்பட்டியை விலக்கியபோது, கண்ணாடிக் கதவுக்கு முன்னால் அம்மா தன் முந்தானையை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சுவரில் வரைந்திருந்த ஏரியையும் அன்னப் பறவையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது டாக்சியில் லாத்தா சொன்னார்:

“தங்கச்சி, அவங்க போனதுக்கு அழுவேனா, அவங்க புஸ்தகத்துலேருந்து என்னையப் பிச்சு எடுக்குறதுக்கு அழுவேனா, சொல்லு.”

அம்மா அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். வீடு வரும் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

லாத்தா ஊருக்குப் போய்விட்டார். எதிர் ஃபிளாட்டுக்கு வேறு யாரோ வந்தார்கள். நோன்புக் கஞ்சி இனி வராதே என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

அதற்குச் சில வாரங்கள் கழித்து அப்பா ஒரு நாள் ஸ்வீட் டப்பாவோடு வந்தார். வேறு கம்பெனியில் ஃபோர்மேன் வேலை, சம்பளமும் கூட. ஆனால் இடம் ருவைஸ். அங்கே கேம்ப்தான், குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியாது. நாங்கள் அபுதாபியிலேயே இருப்போம், அப்பா வியாழக்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பிப் போவார். பாஸ்போர்ட்டும் புதுக் கம்பெனியின் அலமாரிக்குப் போய்விடும்.

சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, “எந்த ரோட்டுல போவீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“எந்த ரோடுன்னா? இருக்கறதே ஒரு ரோடுதான்” என்றார் அப்பா.

மறுநாள் காலை அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள். “எனக்குத் தனியா ஒரு பாஸ்போர்ட் வேணும். நீங்க ருவைஸ் போறதுக்கு முன்னாடி வேணும்.”

அப்பா சிரித்துக்கொண்டே போய்விட்டார். அம்மா ஒரு துண்டுத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காய வைத்து, அதில் ஒரு திர்ஹம் காசை முடிந்து, சமையலறை அலமாரியில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஆகா, பாஸ்போர்ட்டுக்கு வேண்டிக்கொள்கிறாள் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் தினமும் இதே பேச்சுதான். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. கோபக்காரர் இல்லை, கேலி பண்ணித் தட்டிவிடுகிறவர். “பொண்டாட்டி தனி பாஸ்போர்ட் கேக்கறான்னா வீட்ல சண்டைன்னுதான் ஊர்ல நினைப்பான்” என்பார். எதற்கு வேண்டும், காரணத்தைச் சொல் என்பார். காரணத்துக்கா பஞ்சம்? முதல் நாள், அந்தப் படத்தில் தனக்குக் கண்ணே இல்லை என்றாள். அடுத்த நாள், எனக்குப் பள்ளிக்கூடம் விடும்போது அப்பாவுக்கு லீவு கிடைப்பதில்லை, வெயிலில் பிள்ளை வாடுகிறது, நாங்கள் முன்னாலேயே ஊருக்குப் போகலாமே என்றாள். பிறகு ஒரு நாள், அப்பாவின் புத்தகத்தில் பக்கம் தீரப் போகிறது, கூட்டம் குறைந்தால் அவருக்குத்தான் நல்லது என்றாள். மாடி வீட்டு அம்மாளிடம் சொன்ன காரணம் இதில் எதுவுமே இல்லை.

அப்பா வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே, இன்றைக்கு என்ன டிபன் என்று கேட்கிற மாதிரி, “இன்னிக்கு என்ன காரணம்?” என்று கேட்பார். அம்மாவிடம் ஒன்று தயாராக இருக்கும். என் அம்மாவுக்கு இவ்வளவு கற்பனை உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒன்றில் நிலையாக நிற்கத் தெரியவில்லையே என்று அவள்மேல் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

அம்மாவின் பெயரைப் பிரித்து எடுக்க அப்பாவின் பாஸ்போர்ட் வேண்டும். நாளைக்கு எடுத்து வருகிறேன் என்று அப்பா தினமும் சொன்னார். தினமும் மறந்தார். ஒரு காலை அம்மா நல்ல புடவையாகக் கட்டி, டிபன் கேரியரில் புளியோதரையை அடைத்து, என்னையும் இழுத்துக்கொண்டு அப்பாவின் கம்பெனிக்கே போய்விட்டாள்.

அந்த இரும்பு அலமாரியின் சாவி ஒரு வயதான யேமன்காரரிடம் இருந்தது. விசா, பாஸ்போர்ட் விவகாரம் எல்லாம் பார்க்கிறவர். மந்தூப் என்று கூப்பிடுவார்கள். அம்மாவின் அரைகுறை இந்தியும் அவருடைய அரைகுறை இந்தியும் சேர்ந்து ஒரு முழு வாக்கியம் ஆகவில்லை. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. அவர் கையை மலர்த்தி, “புக்ரா” என்றார். நாளைக்கு வா.

“புக்ரா மாஃபி” என்றாள் அம்மா. நாளை கிடையாது. அவளுக்குத் தெரிந்த அரபியே அந்த இரண்டு சொல்தான், இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டாள். சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். பெண்பிள்ளை நிற்கிறாளே என்று அவரே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அம்மா உட்கார்ந்தாள். அவர் டீ குடித்தார், தொலைபேசியில் பேசினார், தொழுதுவிட்டு வந்தார். அம்மா உட்கார்ந்தே இருந்தாள். மத்தியானம் கேரியரைத் திறந்ததும் பெருங்காய வாசனை அறை முழுவதும் பரவியது. மூடியில் கொஞ்சம் வைத்து அவருக்கும் நீட்டினாள். ஒரு வாய் போட்டதும் அந்தப் பெரியவருக்கு மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் விடாமல் தின்று முடித்தார். பிறகு துடைத்துக்கொண்டே, எதற்கு இத்தனை அவசரம் என்று கேட்டார்.

“பாயி ஷாதி” என்றாள் அம்மா. தம்பிக்குக் கல்யாணமாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவுக்குத் தம்பியும் கிடையாது, அண்ணனும் கிடையாது. வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் காலைத் தன் செருப்பால் அழுத்தினாள். அவர் “மப்ரூக், மப்ரூக்” என்று வாழ்த்திவிட்டு அலமாரியைத் திறந்தார். கையெழுத்துப் போட அப்பாவை ஒர்க்‌ஷாப்பிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். கிரீஸ் கையோடு வந்த அப்பா, நாற்காலியையும் கேரியரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீயும் இங்கேயே வேலைக்குச் சேந்துட்டியா?”

“நீங்க மறந்துபோறீங்களேன்னு வந்தேன்” என்றாள் அம்மா.

படம் எடுக்க அதே ஸ்டுடியோ, அதே அன்னப் பறவை. போட்டோக்காரர் மலையாளி. கொஞ்சம் சிரிக்கலாம், தப்பில்லை என்று சொல்லிப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை. பூவும் வைத்துக்கொள்ளவில்லை. நேராகப் பார்த்தாள். அந்தப் படம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்தால், நான் ஏதோ கேட்டதற்கு ‘இல்லை’ என்று அவள் பதில் சொல்லப்போகிற மாதிரியே இருக்கும்.

தூதரகத்துக்கு மூன்று பேரும் போனோம். அன்றைக்குக்கூட அப்பா சிரித்துக்கொண்டேதான் வந்தார். வரிசையில் நிற்கும்போது, என்ன காரணம் சொல்லப் போகிறாய், பழைய ஸ்டாக்கா புது ஸ்டாக்கா என்று அம்மாவைச் சீண்டினார். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மதராஸில் படித்தவராம், தமிழ் பேசினார். பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஒரே வீட்லதானே இருக்கீங்க? எதுக்கும்மா தனியா? ஏதாவது பிரச்னைன்னா தயங்காம சொல்லுங்க.”

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் ஆவலாகக் காத்திருந்தேன். இத்தனை காரணங்களில் எதை எடுத்து விடப் போகிறாளோ. தம்பி கல்யாணம்தான் என்று எனக்கு உள்ளுக்குள் தோன்றியது. அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். அத்தனை காரணம் வைத்திருந்தவளுக்கு அந்த இடத்தில் ஒன்றுகூட வரவில்லை. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சரி, அவ்வளவுதான், கிடைக்கப் போவதில்லை என்று நினைத்தேன்.

அப்பாதான் பேசினார்.

“சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல சார். நான் ருவைஸுக்கு வேலைக்குப் போறேன். வாரா வாரம் அந்த ரோட்ல போய் வரணும். ஒரு நாள் நான் வராமப் போயிட்டா, இவ யார் முன்னாடியும் போய் நிக்காம பிள்ளையக் கூட்டிட்டு ஊர் போய்ச் சேரணும். அதை இவ வாயால சொல்ல மாட்டா.”

“மொதல்ல வாயைக் கழுவுங்க” என்றாள் அம்மா. அத்தனை பேருக்கு நடுவில், அதிகாரிக்கு முன்னால், அப்பாவை அப்படி அதட்டினாள்.

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள் என்றார். பிறகு அம்மாவின் பழைய படத்தின் மேல் ரத்து முத்திரை விழுந்தது. என் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. அதைப் பார்த்ததும் நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

“அழாத பாப்பா. உன்னை வெளிய தள்ளல. அம்மாகிட்ட மாத்தியிருக்கேன், அவ்வளவுதான்” என்றார் அவர்.

திரும்பும்போது டாக்சியில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில் அப்பா அவள் பக்கம் திரும்பினார். “காரணம் சரியா இருந்துச்சா?” என்று கேட்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும் வரை விடவில்லை. கேட்டதைச் சாதித்துவிட்டு ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அப்பா கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பாஸ்போர்ட் வந்துவிட்டது. புது அட்டை வாசனையோடு அம்மா ஒரு பக்கத்தில், நான் ஒரு பக்கத்தில். அம்மா அதைக் கம்பெனிக்கெல்லாம் கொடுக்கவில்லை. விசா மாற்றி வந்ததும், எங்கள் வீட்டு பீரோவிலேயே புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. அப்பா பையைத் தூக்கிக்கொண்டு போனார். அம்மா சமையலறைக்குப் போய், அந்த மஞ்சள் துணி முடிச்சை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறுபடியும் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தாள். அடுத்த வெள்ளியும் அப்படியே செய்தாள். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே.

எனக்குப் பயமாகிவிட்டது. வேண்டிக்கொண்டது கிடைத்துவிட்டால் காசைக் கோயில் உண்டியலில் போட்டுவிட வேண்டும். அந்தச் சட்டத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அம்மாதான். அபுதாபியில் உண்டியல் இல்லையென்றால், ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். போன மாதம்கூட மாடி வீட்டு அம்மாள் போனார். பாஸ்போர்ட் கைக்கு வந்து இத்தனை நாளாகியும் முடிச்சு அவிழவே இல்லை.

பொறுக்க முடியாமல் ஒரு வியாழக்கிழமை, வந்து இறங்கிய அப்பாவிடம் கேட்டேவிட்டேன். அதுதான் கிடைத்துவிட்டதே, அம்மா ஏன் இன்னும் காசைச் சாமிக்குச் செலுத்தாமல் வைத்திருக்கிறாள் என்று. எதற்கெடுத்தாலும் கேலி பண்ணுகிற அப்பா அன்றைக்குச் சிரிக்கவில்லை. அலமாரியில் இருந்த அந்த முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அது வேற கண்ணு” என்றார். கை கழுவப் போய்விட்டார்.

வேறென்றால் வேறு என்னவென்று அவர் சொல்லவில்லை. பெரியவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டுதான் சாமியை ஏமாற்றுகிறார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அன்று விளக்கேற்றும்போது பிள்ளையாருக்கு முன்னால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பாஸ்போர்ட் கிடைத்த பிறகும் உன் காசைக் கொடுக்காமல் வைத்திருக்கும் எங்கள் அம்மாவை மன்னித்துவிடு என்று நானே வேண்டிக்கொண்டேன்.